யார் பதில் சொல்வது

அநியாயம் நடந்தது ஜெபக்கனிக்கு. இந்தப் பஸ்ஸில் முன் சீட்டில், இரண்டு ஊன்றுகம்புகளையும் மடியோடு சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கு. அவள் கையால் பூட்டித் திறந்த அறையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள் அக்கா. வெளியேற்றினார்கள் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். எடுத்துவிட்டார்கள். அலமாரியிலிருந்து ஒரு சாமானை எடுக்கிற மாதிரி. அதற்குக் காரணம் பாளையங்கோட்டையில் அவள் குடியிருந்த வீட்டின் வீட்டுக்காரம்மா. பெயர் பாக்கியமணி. பெயரைப் பாருங்கள்.

எனக்கும் ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். அவளோடு வந்தவள்தான் நான். ஆனால் பக்கத்தில் உட்காரக் கூடாதாம். "நீ பின்னால போய் உக்காரு" என்று சொல்லிவிட்டாள். நல்லவேளை, நீங்கள் நகர்ந்து இடம் கொடுத்தீர்கள். நீங்களே நியாயம் சொல்லுங்கள். இப்போது வேண்டாம், முழுசும் கேட்டுவிட்டு.

மெதுவாகத்தான் பேசுகிறேன் அக்கா. என் குரலே இப்படி. பட்டிமன்றக் குரல். எம்.ஏ. படிக்கும்போதே மாவட்டம் முழுக்கப் போய்ப் பேசியிருக்கிறேன். எந்த அணி என்று கேட்க மாட்டேன், கொடுத்த அணியில் நின்று ஜெயித்துக் காட்டுவேன். இப்போது சமூகவியலில் ஆராய்ச்சி. ஜெபா எனக்கு இளங்கலையிலிருந்து தோழி.

அவளுக்கு என்ன என்றுதானே பார்க்கிறீர்கள்? எல்லாரும் போலியோவா என்பார்கள். இல்லை. கருவிலேயே முதுகுத்தண்டு அடியில் மூடாமல் போய்விட்டது. முதுகில் ஒரு கட்டியோடு பிறந்தவள். ஆபரேஷன் செய்து மூடினார்கள். அதனால்தான் ஆளும் குட்டை. முழங்கால் சொன்னதைக் கேட்கும், பாதம் கேட்காது. செருப்புக்குள் ஆணி கிடந்தாலும் பாதத்துக்குத் தெரியாது. படுக்கும் முன் கைக்கண்ணாடியை வைத்துப் பாதத்தைப் பார்ப்பாள், நாம் முகம் பார்க்கிற மாதிரி. மூத்திரம் முட்டுவதும் தெரியாது. நேரத்துக்கு நேரம் டியூப் போட்டு அவளே எடுத்துவிடுவாள். அதற்குச் சுத்தமான ஒரு குளியலறை வேண்டும், உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும், உள்ளே போட ஒரு தாழ்ப்பாள் வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

முன்னால் இருக்கிறவர் ஏன் திரும்பிப் பார்க்கிறார்? பார்க்கட்டும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? என் கட்சியே இதுதானே.

கோர்ட்டுக்கு எதிரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிங் வேலை. பாக்கியமணி அம்மா வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை. தானே சமைப்பாள், துவைப்பாள், ஆட்டோ பிடித்து ஆபீஸ் போவாள். ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. யாரும் அவள் கையைப் பிடிக்கக் கூடாது. பிடிக்க வந்தால், "நீங்க பிடிக்காதீங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்" என்பாள். கம்பு இருக்கிற கையை இன்னொருவர் இழுத்தால் நிலை தப்பிவிடுமாம். அவளாக நம் தோளைப் பிடித்தால் பிடிக்கலாம். அதெல்லாம் சும்மா ரோஷம், நான் கண்டுகொள்வதில்லை.

ஒருநாள் காலையில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். குழாயடியில் ஈரம். அவள் ஒவ்வொரு கம்பாக ஊன்றி, ரொம்ப மெதுவாக வந்துகொண்டிருந்தாள். வழுக்குமே என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பிடித்தேனோ இல்லையோ, விழுந்துவிட்டாள். நான் மட்டும் அங்கே இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

ஒன்றும் ஆகவில்லை. துணி துவைக்கிற கல்லைப் பிடித்து அவளே எழுந்துவிட்டாள். ஆனால் அடுக்களை வாசலிலிருந்து பாக்கியமணி அம்மா பார்த்துவிட்டார். கையில் அகப்பையோடு ஓடிவந்தார். அடி பட்டதா என்று ஜெபாவைக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஒத்தையில கெடக்க பிள்ள. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

இந்தக் கேள்வியைக் கவனித்தீர்களா அக்கா? கல்லூரியில் சுற்றுலா போனபோது இதே கேள்விதான். யாரு பதில் சொல்றது? வேலைக்குப் போனபோதும் இதுதான். வீடு கேட்டு ஏறி இறங்கின வாசலில் எல்லாம் இதுதான். அதுவும் அவளைப் பார்த்துக் கேட்க மாட்டார்கள். கூட நிற்கிற என்னைப் பார்த்துக் கேட்பார்கள். அவளுக்கு வாய் இல்லாத மாதிரி. நானும் ஒருத்தரையும் விட்டதில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன்.

ஆனால் அன்றைக்கு ஜெபா என்னைப் பேசவிடவில்லை. அறைக்குள் போனதும், "ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்து அவங்ககிட்ட நானே பேசிக்கிடுதேன். நீ வராத இசக்கி" என்றாள்.

நீ வராதே என்று ஒரு தோழி சொன்னால் என்ன அர்த்தம்? உனக்கு எதற்குச் சிரமம் என்று அர்த்தம். அதனால் சனிக்கிழமையே போய்விட்டேன்.

பாக்கியமணி அம்மா வாசலில் மீன் வாங்கிக்கொண்டு நின்றார். நான் போனை எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்து வீடியோவைப் போட்டுவிட்டு ஆரம்பித்தேன். ஆதாரம் வேண்டுமில்லையா? எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர், அடுத்த வீட்டுத் தாத்தா, மீன்காரர், ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நாலு பேர். கூட்டம் சேர்ந்தால் எனக்கு வார்த்தை தானாக வரும். "இவள் விழுந்தாலும் எழுந்திருக்கத் தெரிந்தவள். உங்களில் யாருக்குத் தெரியும்? தன் மூத்திரத்தைத் தானே டியூப் போட்டு எடுக்கிறாள், உங்கள் வீட்டில் ஒரு சொட்டு சிந்தியிருக்கிறதா? இவளைப் பார்த்து நீங்கள் கேட்கிறீர்கள், யார் பதில் சொல்வது என்று. இந்தத் தெரு பதில் சொல்லட்டும்." அப்படிப் பேசினேன். அன்றைக்குப் பேசின மாதிரி நான் எந்த மேடையிலும் பேசினதில்லை.

பாக்கியமணி அம்மாவுக்கு முகமே இல்லை. மீன் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ பாத்ரூம்ல அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கிறதுக்கு..." என்று என்னமோ ஆரம்பித்தார். முடிக்க விடுவேனா? அடுத்த கருத்துக்குப் போய்விட்டேன்.

நடுவில் ஜெபா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம்தான் வெயில் அடிக்கும்.

வீடியோவைச் சாயங்காலமே ஸ்டேட்டஸில் போட்டேன். எத்தனை பேர் பாராட்டினார்கள் தெரியுமா? ஆனால் பாக்கியமணி அம்மா சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலையில், ஆராதனைக்குக் கோயில் மணி அடிக்கும் முன்னாலேயே, ஜெபாவின் அண்ணன் ஞானராஜ் வேனோடு வந்து இறங்கிவிட்டார். நாசரேத்துக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். வீட்டுக்காரம்மாதான் தகவல் சொல்லியிருக்க வேண்டும், வேறு யார் சொல்வார்கள்? பாராட்டையெல்லாம் ஜெபாவுக்குக் காட்ட நானும் அப்போது அங்கே போயிருந்தேன். அண்ணன் கையில் போனை நீட்டிக்கொண்டே வந்தார். என் வீடியோதான் ஓடிக்கொண்டிருந்தது. குரல் நல்ல தெளிவாக வந்திருந்தது.

"விழுந்தியாமே பாப்பா. ஊரே பாக்குது, எனக்கு நீ ஒரு வார்த்த சொல்லல" என்றார். கண் கலங்கியிருந்தது மனுஷனுக்கு.

"ஒண்ணும் இல்லண்ணே. கால் வழுக்கிட்டு, அவ்வளவுதான்" என்றாள் ஜெபா.

"ஒனக்கு ஒண்ணுன்னா செத்துப்போன அப்பாவுக்கு யாரு பதில் சொல்லுதது?" என்று குனிந்து, அப்படியே அள்ளித் தூக்கிவிட்டார். "எங் கம்பு" என்றாள். "கம்பு எதுக்கு, அண்ணன் இருக்கேன்ல" என்றார். வேன் போய்விட்டது. கம்பும் அவள் போனும் கட்டில் மேல் கிடந்தன. நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். பாக்கியமணி அம்மா வாசலில் நின்று, "சாமான்லாம் கெடக்கட்டும். அறைய நான் யாருக்கும் விட மாட்டேன்" என்றார். சாமானையும் அமுக்குகிற எண்ணம் பாருங்கள்.

நீங்கள் என்னமோ சொல்ல வந்தீர்கள். இருங்கள், இனிமேல்தான் முக்கியமான இடம்.

கொஞ்ச நாள் சத்தமே இல்லை. முந்தாநாள் அவள் மதினியின் போனிலிருந்து கூப்பிட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "ஏட்டி, எங் கம்பையும் போனையும் மட்டும் எடுத்துட்டு வா. வேற ஒண்ணும் வேண்டாம். நீ ஒண்ணும் பேச வேண்டாம்." அவ்வளவுதான். வைத்துவிட்டாள். உடைந்துபோனவள் அப்படித்தானே பேசுவாள்?

இன்றைக்குக் காலையில் போய்ப் பார்த்தேன் அக்கா. உதடு வெடித்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. நெற்றியில் கை வைத்தால் சுடுகிறது. தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர், நிறைய, தொடாமல். குடிக்கச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வீட்டில் குளியலறை கொல்லையில் இருக்கிறது. ஐந்தாறு படி இறங்க வேண்டும். உள்ளே உட்கார ஒன்றும் கிடையாது. தகரக் கதவு, அதுவும் சாத்தினால் சாத்தி நிற்காது. டியூப் போட வேண்டிய நேரமெல்லாம் அண்ணன் கடையிலிருந்து வந்து தூக்கிக்கொண்டு போவார். மதினி கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார். "ஆச்சா பாப்பா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஆனதும் மறுபடி அண்ணன் தூக்குவார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பார்க்கும். அதற்கு ஜெபா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். குடிக்காவிட்டால் போக வேண்டாமே.

ஆனால் அவள் உடம்புக்கு அது விஷம். மூத்திரம் தேங்கினால் கிருமி. கிருமி மேலே ஏறினால் சிறுநீரகம். சின்ன வயதிலிருந்து டாக்டர் அவளிடம் சொல்லி வருவது, தண்ணீரை மட்டும் குறைத்துவிடாதே என்பதுதான். அது தெரிந்தவள், அத்தனை கவனமாக இருந்தவள், தெரிந்தே நிறுத்தியிருக்கிறாள். அந்த வீட்டில் அவளை யாரும் அடிக்கவில்லை அக்கா. ஒரு சுடுசொல் கிடையாது. மதினி மீனில் முள் எடுத்துக் கொடுக்கிறார். மதினி அந்தப் பக்கம் போனதும் ஜெபா என் காதோடு சொன்னாள்: "இங்க இருந்தா செத்துருவேன் இசக்கி. இவங்க அழுதுகிட்டே என்னயக் கொன்னுருவாங்க."

அதற்கப்புறமும் நான் பேசாமல் இருப்பேனா?

அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். பிடித்துக்கொண்டேன். தனிமனித உரிமையிலிருந்து ஆரம்பித்தேன், சட்டம் சொன்னேன், பைபிளிலிருந்துகூட இரண்டு மேற்கோள் சொன்னேன். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார். கடைசியில் அதே கேள்வி: "எல்லாம் சரிம்மா. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

"நான் சொல்கிறேன்" என்றேன். "பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை பார்த்திருக்கிறேன். நானும் கூடவே இருப்பேன். கண் மறைய விட மாட்டேன். மாடிப்படிதானே, நானும் என் தோழிகளும் தூக்கிக்கொள்வோம். அவளுக்கு எதுவானாலும் இனிமேல் நான் பதில் சொல்கிறேன்."

அண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து, "சரி. ஒம் பொறுப்பு" என்றார். ஜெயித்துவிட்டேன் அக்கா. எத்தனை வருஷமாக யாராலும் அசைக்க முடியாத மனுஷன். ஜெபாவைத் திரும்பிப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டோ வந்தது. அண்ணன் வழக்கம்போல அள்ளித் தூக்கினார். நான் இரண்டு கம்பையும் தோளில் சாய்த்துக்கொண்டு, புது அறையில் எது எங்கே வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தேன். முற்றத்து நடுவில் போகும்போது ஜெபா, "அண்ணே, இறக்கு" என்றாள்.

"ஆட்டோல வச்சிருதேன் பாப்பா."

"இங்கயே இறக்கு."

"விழுந்தா யாரு..."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேசினாள். அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதே இல்லை. சத்தமும் இல்லை, அழுகையும் இல்லை. "நீ தூக்குத. இவ பேசுதா. ரெண்டும் ஒண்ணுதான். எங் கால் எனக்குத் தெரியாதுதான், ஆனா அது தரையில நிக்கணும்ணே. இறக்கு."

அவர் இறக்கினார். அவள் என் பக்கம் கையை மட்டும் நீட்டினாள், கம்புக்கு. முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்டோவும் வேண்டாம் என்று, அந்தக் காய்ச்சலோடு, ரோடு வரைக்கும் ஊன்றி ஊன்றி நடந்தாள். ஓரிடத்தில் ஆடிப்போனாள். நானும் அண்ணனும் ஓடினோம். "யாரும் பிடிக்காதீங்க" என்றாள். நின்றோம். பஸ் வந்தது. கண்டக்டர் கையைக் கொடுத்தார். அவரிடமும் அதே வார்த்தை, நான் பிடிச்சுக்கிடுதேன் என்று. கம்பிகளைப் பிடித்து அவளே ஏறினாள். ஏறி உட்கார்ந்துவிட்டு என்னைப் பின்னால் போகச் சொன்னாள்.

இதுதான் எனக்கு நடந்த அநியாயம். அண்ணனும் நானும் ஒன்றாம். தூக்கி வைத்துக்கொண்டவரும், விடுவித்தவளும் ஒன்றாம். எந்த நடுவர் ஒப்புக்கொள்வார்?

என் மாடி அறைக்கும் வர மாட்டாளாம். நேராகப் பாக்கியமணி அம்மாவிடம் போய், ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டியதை இன்றைக்குப் பேசப் போகிறாளாம். அதைவிட எனக்குப் பயமாக இருப்பது என்ன தெரியுமா? பஸ்ஸில் ஏறியதும் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். ஒரு பாட்டில் முழுசும். இப்போது இரண்டாவது பாட்டில், பாருங்கள், கையில் வைத்திருக்கிறாள். அவள் தண்ணீர் குடிக்கிறாள் என்றால் போகிற இடத்தில் ஒரு குளியலறை இருக்கிறது என்று அர்த்தம். எங்கே இருக்கிறது? இறங்கும்போது இருட்டிவிடும். அந்த அம்மா கதவைச் சாத்தினால் தெருவில் நின்று என்ன செய்வாள்? பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையில் டியூப் போட முடியுமா? இந்தக் காய்ச்சலில் இன்னும் ஒரு கிருமி ஏறினால் நாளைக்கு ஆஸ்பத்திரியில்தான். எந்தத் தைரியத்தில் குடிக்கிறாள்? அந்த அறை போய்விட்டது. போயே போய்விட்டது. எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், நேற்று அந்த அம்மா போன் செய்தார்.

ஜெபாவின் போன் என்னிடம்தானே இருந்தது. இப்போதும் என் பையில்தான், பவர் பேங்கில் சார்ஜ் ஏறுகிறது. நேற்று அடித்தது. எடுத்தேன். பின்னால் சுவரைக் குடைகிற மிஷின் சத்தம், காதைப் பிளக்கிறது. அறையை இடித்து வேறு யாருக்கோ தயார் செய்கிறார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் கேட்கிறார்: "யாரு, ஜெபக்கனியா?" நான் அவள் சார்பில் பேசுகிறேன் என்றேன். அப்போது என்ன கேட்டார் தெரியுமா? "அந்தப் பிள்ள எவ்வளவு ஒசரம் இருக்கும்?"

எவ்வளவு உயரமாம். குட்டையாகப் பிறந்த ஒருத்தியை வீட்டைவிட்டும் அனுப்பிவிட்டு, போன் போட்டு உயரம் கேட்கிறார். கேலிக்கும் ஓர் அளவு வேண்டாமா? விட்டேனா நான். "அவள் உயரத்தை அளக்க வந்துவிட்டீர்களே, உங்கள் மனசின் அகலம் எவ்வளவு?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன். எப்படி? மேடையாக இருந்தால் கைதட்டல் அடங்க நேரமாகியிருக்கும். திரும்பத் திரும்ப அடித்தார். நான் எடுக்கவே இல்லை.

ஏன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள்? டீக்கடையா? இன்ஜினை அணைத்ததும் என் குரல் இத்தனை சத்தமாகவா கேட்கிறது?

திரும்பிப் பார்க்கிறாள் அக்கா. ஜெபா திரும்பிப் பார்க்கிறாள். கேட்டுவிட்டது அவளுக்கு.

"என்னட்டி கேட்டாங்க?" என்கிறாள்.

ஒன்றும் இல்லை ஜெபா. உன்னை மட்டம் தட்டுவதற்கு உயரம் கேட்டார். நான் தகுந்த பதில் கொடுத்துவிட்டேன். நீ அதைப் பற்றி—

"சுவத்தையா குடைஞ்சாங்க? பாத்ரூம் பக்கமா சத்தம் கேட்டுதா?"

எந்தப் பக்கம் என்று போனில் எப்படித் தெரியும்? ஏன் அப்படிப் பார்க்கிறாள்? அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை அக்கா. "எம் போனக் குடு" என்கிறாள். இந்தா, நான் கொண்டு வருகிறேன் என்றால், நீ அங்கேயே இரு என்கிறாள். இதைக் கொஞ்சம் முன்னால் கொடுங்கள் அக்கா. ஆமாம், அவரிடம். அவர் அந்த நீலச் சட்டைக்காரரிடம் கொடுக்கட்டும். கொடுத்துவிட்டார். நம்பர் போடுகிறாள். யாருக்கு? அந்த அம்மாவுக்கா? எதற்கு இப்போது? அவளுக்குப் பேசத் தெரியாது அக்கா, நான் பக்கத்தில் இல்லாமல்...

எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. சத்தம் போடாதீர்கள் அக்கா, கேட்போம்.

"அம்மா, ஜெபக்கனி பேசுதேன். இல்ல, அவ இல்ல, நாந்தான். ஒசரம் கேட்டீங்களாமே. பாத்ரூம் சுவத்துல வைக்கிற கம்பி எனக்கு இடுப்பு ஒசரத்துக்கு இருந்தாப் போதும், தரையில இருந்து ரெண்டரை அடி. சுவத்தோட ஒட்டிராம நாலு வெரல் உள்ள நுழையுற மாதிரி வைக்கச் சொல்லுங்க. நான் பிடிச்சுக்கிடுதேன்."